சிலாபத்தோடு நிற்கும் கம்பி

ஹாசிம் இருபத்தொன்பது வருடம் புத்தளம் பாதையில் டீசல் இஞ்சின் ஓட்டியவர். ஓய்வு பெற்றபோது இடது காது கேட்கவில்லை. இருமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. மகள் றுஷ்னா கொழும்பில் பொறியியலாளர். ரயில் பாதைகளை மின்மயமாக்குவதா, புதிய டீசல் ரயில்களை வாங்குவதா என்று ஆராயும் குழுவில் அவளும் இருந்தாள்.

சிலாபத்தில் மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முதல்நாள் அவள், சிலாபத்துக்கு வடக்கே கனமூலையில் இருந்த தகப்பன் வீட்டுக்கு வந்தாள்.

“நாளைக்கு நீங்களும் பேசுங்க வாப்பா. உங்கட கதைய ஆக்கள் கேப்பாங்க.”

“கரண்ட்ல ஓடுற கோச்சி நம்மட பக்கத்துக்கும் வருமா மகள்?”

“கம்பி இழுக்கத் தொடங்கினா எல்லாருக்கும் நல்லந்தானே.”

கூட்டத்தில் முதலில் எழுந்தவர் யோகராசா. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து பாலாவியில் குடியேறியவர். ஹாசிமின் இஞ்சினில் நெடுங்காலம் உதவிச் சாரதியாக இருந்தவர்.

“டீசல் கோச்சி எந்தத் தண்டவாளத்திலயும் ஓடும். கரண்ட் கோச்சி கம்பி முடியிற இடத்தில நிண்டிடும். அங்கால இருக்கிற சனம் என்ன செய்யிறது?” என்று கேட்டார்.

ஹாசிம் எழுந்தார். “அந்தப் புகையக் குடிச்சவன் நான். இனி வாற பிள்ளைகளும் அதையே குடிக்கணுமா?”

மண்டபம் கைதட்டியது. யோகராசா அவர் பக்கம் திரும்பவில்லை.

ஆறு மாதத்தில் அறிக்கை வந்தது. மின்கம்பி சிலாபம் வரைதான். அதற்கு வடக்கே பயணிகள் போதாது. பஸ் விட்டால் போதும். இந்தப் பாதையில் ஓடிய சாரதியே மின்மயமாக்கலை ஆதரித்ததாக, ஹாசிமின் பெயரோடு ஒரு பந்தி இருந்தது. ஒரு கம்பம்கூட நடப்படவில்லை. அதற்குள் கனமூலைக்குப் பக்கத்து மதுரங்குளி நிலையத்தில் நின்றுபோகும் காலை ரயிலை வேறு பாதைக்கு எடுத்துவிட்டார்கள்.

அதில் சிலாபத்துக்கு வேலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு ஸக்கியா, வேலியருகில் நின்று, “ஹாசிம் நானா, நீங்கதானே பேசினீங்க” என்றாள்.

ஹாசிம் மகளுக்குப் போன் எடுத்தார்.

“சிலாபத்தோட நிக்கும் எண்டு உனக்கு முந்தியே தெரியுமா?”

“கணக்குப் பாத்தா அந்தப் பாதைக்கு ஆக்கள் காணாது வாப்பா.”

“நான் அதக் கேக்கல்ல.”

“தெரியும்” என்றாள்.

“அப்ப ஏன் என்னப் பேசச் சொன்ன?”

“அந்தப் பாதையால ஒராள் ஆதரவாப் பேசினா நல்லம் எண்டு மேல கேட்டாங்க.”

அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் பாலாவிக்குப் போனார். யோகராசா கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். மேசையில், ரயிலைத் திருப்பிக் கேட்கும் மனு. ஹாசிம் பேனையை எடுத்தார்.

“நீர் போடாதேயும்” என்றார் யோகராசா. கோபமில்லாத குரல். “அந்த அறிக்கையில உம்மட பேர் இருக்கு. இதிலயும் இருந்தா, ரெண்டையும் காட்டி மனுவைத் தள்ளுபடி செய்துபோடுவாங்கள்.”

ஹாசிம் பேனையை வைத்தார். மனு அவர் பெயரில்லாமல் போனது, பதில் வரவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு றுஷ்னா சிலாபம் வரை ரயிலிலும், பிறகு நெரிசலான பஸ்ஸில் நின்றபடியும் வந்து சேர்ந்தாள்.

“சாப்பிட்டியா?” என்று கேட்டார் ஹாசிம். அன்று முழுக்க அவளிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.