காசியில் இருந்தபடி பத்திரிகை படித்தவர்

1911 டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி எங்கள் வாசகசாலையின் வருஷ அறிக்கையை எழுத உட்கார்ந்தேன். நான் காலேஜில் எப்.ஏ. இரண்டாம் வருஷ மாணவன். பாளையங்கோட்டை பஜாரில் இருந்த அந்த வாசகசாலைக்கு உதவிக் காரியதரிசி. காரியதரிசி இஸ்ரவேல் வாத்தியார். அவர் கையெழுத்து மட்டும் போடுவார். அறிக்கைக்குத் தலைப்பையும் அவரே கொடுத்திருந்தார்: 'இவ்வருஷத்துப் பத்திரிகை உலகம்.'

உலகம் இப்படி இருந்தது. ஜனவரியில் எங்கள் மேஜையில் ஐந்து பத்திரிகைகள். புதுப் பத்திரிகைச் சட்டத்தின் புண்ணியத்தில் டிசம்பரில் அவற்றில் மூன்று இல்லை. மூன்றில் ஒன்று வேறு பெயரில் திரும்பி வந்து, அந்தப் பெயரிலும் நின்றது. பிழைத்த இரண்டில் ஒன்று தலையங்கத்தை விட்டுவிட்டு விவசாயக் குறிப்பு போட ஆரம்பித்தது. புதிதாக வந்த ஒன்றில் முதல் பக்கம் முழுக்கக் கூந்தல் தைலம். உள்ளே டில்லி தர்பார் படங்கள். ஜூன் மாதம் மணியாச்சியில் கலெக்டர் சுடப்பட்டதிலிருந்து, வாழைக்கு எரு வைக்கும் குறிப்பைக்கூட 'இதில் வாழை யார், எரு யார்' என்று யோசித்தே எங்கள் வாசகர்கள் படித்தார்கள். பத்திரிகையைப் பார்த்ததைவிடப் பக்கத்தில் இருந்தவனைத்தான் அதிகம் பார்த்தார்கள்.

எத்தனை பேர் படித்தார்கள் என்று எழுத வேண்டுமே என்று ரிஜிஸ்தரைத் திறந்தேன். உள்ளே வருகிறவர் தேதி, பெயர், வயது, படித்த பத்திரிகை நான்கையும் அதில் எழுத வேண்டும் என்பது விதி. ஜூன் வரை நாற்பது ஐம்பது பேர் எழுதியிருந்தார்கள். ஜூலையிலிருந்து ஒரே பெயர்: திருஞானசம்பந்தம் பிள்ளை. நூற்றுப் பதினேழு தடவை. சில நாட்களில் ஐந்து தடவை, ஐந்து விதக் கையெழுத்தில்.

பிள்ளையவர்கள் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்து பென்ஷன் வாங்குபவர். சக்கரவர்த்தியின் பெயர் காதில் விழுந்தால் சாப்பாட்டிலிருந்தும் எழுந்து நிற்பவர். அவர்மேல் சந்தேகம் விழாது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசித்து, இந்த யோசனை வேறு யாருக்கும் வராது என்று நம்பி எழுதியிருந்தார்கள். நான் எழுதியது நான்கு தடவைதான்.

சங்கடம் என்னவென்றால், பிள்ளையவர்கள் செப்டம்பரில் காசிக்குப் போய் முந்தின வாரம்தான் திரும்பியிருந்தார். ரிஜிஸ்தரோ முப்பதாம் தேதி போலீஸ் பார்வைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு.

வாத்தியாரிடம் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"ஏலே பாக்கியசீலா, நின்னுபோன மூணையும் அவருல்லா விழுந்து விழுந்து படிச்சிருக்காரு! பென்ஷன் போச்சுலே."

"காசியிலேருந்து எப்படிப் படிச்சாருன்னு யோசிக்க மாட்டாங்களா ஐயா?"

"மாட்டான். காசியில யாரைப் பாத்தாருன்னுதான் யோசிப்பான்."

"நீங்க எத்தனை தடவ எழுதுனிய?"

வாத்தியார் ஜன்னல் வழியாகச் சர்ச் ஊசிக்கோபுரத்தைப் பார்த்தார். "ஒம்பது," என்றார்.

முப்பதாம் தேதி ஏட்டு ஐயம்பெருமாள் வந்தார். எங்களுக்குப் புது ஆள் இல்லை. ஜூலையிலிருந்து தினமும் கருப்பட்டி வியாபாரி வேஷத்தில் வந்து மூலையில் உட்காருவார். "வாங்க ஏட்டையா" என்றால், "நான் ஏட்டு இல்ல வே, கருப்பட்டி வியாபாரி" என்பார். அன்றுதான் முதல் தடவையாக உடுப்போடு வந்தார்.

ரிஜிஸ்தரைப் புரட்டப் புரட்ட அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியளா வே! பசு மாதிரி இருந்துக்கிட்டு என்ன வேலை செஞ்சிருக்காரு மனுசன்!"

"அவரு ஊருலயே இல்ல ஏட்டையா," என்றேன். "எழுதினது வேற ஆளுக. இன்ஸ்பெக்டர் ஐயா கையெழுத்தை ஒத்துப் பாப்பாகல்லா?"

"பாக்காம? ஒவ்வொண்ணாப் பாப்பாக."

"அப்போ இந்த எழுத்தையும் பாத்துருங்க. இருவத்திமூணு தடவ வருது." விரலை வைத்து வாசித்தேன். "'திருஞானசம்பந்தம் பிள்ளை. வயது சுமார் அறுபது. அடையாளம், நெற்றியில் விபூதி.' தன் வயசைச் சுமார்னு எவனாவது எழுதுவானா? இங்கன ஒரு கருப்பட்டி வியாபாரி வருவாருல்லா, அவரு மேலதான் எனக்குச் சந்தேகம்."

ஏட்டையா அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அவருடைய டைரியை வாராவாரம் படிக்கிற இன்ஸ்பெக்டருக்கு அந்த எழுத்து நன்றாகத் தெரியும். பிறகு சுவரைப் பார்த்தார்.

"ஏலே, இங்கன கரையான் உண்டா?"

"இல்ல ஏட்டையா."

"பைய யோசிச்சுச் சொல்லு."

"உண்டு ஏட்டையா. ரொம்ப உண்டு."

ரிஜிஸ்தர் வாத்தியார் வீட்டு அடுப்புக்குப் போனது. கடைசித் தாள் எரியும்வரை மூன்று பேரும் கூடவே நின்றோம். இன்னொருவரை நம்பி ஒருவரும் முதலில் நகரவில்லை. அறிக்கையில், 'இவ்வருஷம் பத்திரிகை விஷயத்தில் அதிக அக்கறை காட்டியவை கரையான்களே' என்று எழுதினேன். வாத்தியார் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி இரண்டாம் தேதி பிள்ளையவர்கள் வந்தார். எனக்கும் ஒரு காசிக்கயிறு கொடுத்தார்.

"பழைய ரிஜிஸ்தரைக் கரையான் அரிச்சுட்டாமே?"

"ஆமா ஐயா."

"அதுல என் பேரு ஏதும் இருந்ததோ?"

"நீங்க காசியிலல்லா இருந்திய?"

"அதான் கேக்கேன்."

நான் புது ரிஜிஸ்தரை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அறையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். மூலையில் கருப்பட்டி வியாபாரி கூந்தல் தைல விளம்பரத்தில் ஆழ்ந்திருந்தார். பிள்ளையவர்கள் பேனாவை மையில் தொட்டு, நிதானமாக எழுதிவிட்டு, எருக் குறிப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார்.

ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். முத்து முத்தான சர்க்கார் எழுத்து. 'பாக்கியசீலன், பத்தொன்பது வயது' என்று இருந்தது. 'சுமார்'கூடப் போடவில்லை.