மின்மினிக்குப் பாயிண்ட் கிடையாது

டீ டம்ளரோடு அறைக்குள் வந்த அக்னஸ், தன்னுடைய கேம் ரிமோட் கணவனின் கையில் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள். ஜேசுராஜ் தோஹாவிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பெட்டியைச் சுற்றிய கயிறுகூட இன்னும் முழுதாக அவிழவில்லை. டிவிக்கு முன்னால் பாயில் மகள் ஆஷ்லினோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டு, "இது எதுக்கு, இது எதுக்கு" என்று ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க மின்மினிப்பா. நான் அணில். நான் ஓடுவேன், குதிப்பேன். நீங்க எனக்குப் பலகையைத் தூக்கிப் பிடிக்கணும். அவ்வளவுதான்."

அந்த கேம் பெட்டியை, ஆஷ்லின் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஜேசுராஜ்தான் கொடுத்தனுப்பியிருந்தான். இரண்டு பேர் சேர்ந்து ஆடவேண்டிய ஆட்டம். வீட்டில் இன்னொரு பிள்ளை இல்லை. பாபநாசம் கடைத்தெருவில் மெடிக்கல் ஷாப் வேலை முடிந்து வந்து, கை கால் கழுவி, அக்னஸ் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டாள். மின்மினி என்றால் ஒரு சிறிய வெளிச்சப் புள்ளி. அது ஓடைக்கு நடுவில் மிதக்கும் பலகையைத் தூக்கிப் பிடிக்கும், நண்டுகளின் கண்ணைக் கூசவைக்கும். அதற்குச் சாவு கிடையாது. பாயிண்டும் கிடையாது. கட்டம் முடிந்ததும் அணிலின் மேல் பூவாகக் கொட்டும். மின்மினி ஒரு மூலையில் மினுக்கிக்கொண்டிருக்கும். அக்னஸுக்கு அதில் குறையொன்றும் இருந்ததில்லை. குதிக்கப் போகிற நேரத்தில் ஆஷ்லின் கீழுதட்டை உள்ளே இழுப்பாள். அந்தக் கணத்தில் பலகை அங்கே இருக்கும். கரண்ட் போவதற்குள் ஒரு கட்டமாவது முடித்துவிட வேண்டும் என்பதற்காகவே சோற்றை முன்னதாக வடித்து வைப்பாள். ஒரே ஒரு தடவை, "எனக்கும் அந்த அணிலைக் குடேன்டி" என்று கேட்டுப் பார்த்தாள். "உனக்கு வராதும்மா" என்றாள் மகள். சரிதான் என்று விட்டுவிட்டாள்.

இப்போது ஜேசுராஜ் பலகையைத் தூக்கிய வேகத்திலேயே நழுவவிட்டான். அணில் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மகள் கத்தப் போகிறாள் என்று அக்னஸ் எதிர்பார்த்தாள். தன் கை தவறினால், "அம்மா, தூங்குறியா?" என்பதுதான் வழக்கம். ஆஷ்லின் கத்தவில்லை. அப்பாவின் மடியில் சரிந்து விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை இந்த இரண்டு வருடத்தில் அக்னஸ் கேட்டதில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சிரிப்பு அடுப்படிக்கும் வந்தது. நாள் போகப்போக வளர்ந்தது. போனில் எப்போதும் அப்பாவை "நீங்க" என்று பேசிய பெண், ஒரு சாயங்காலம், "ஐயோ அப்பா, நீ சுத்த வேஸ்ட்டு" என்றாள். ஜேசுராஜ் அதை ஒரு விருது மாதிரி வாங்கிக்கொண்டான். "நீ" என்பது இந்த வீட்டில் இதுவரை தனக்கு மட்டுமே உரியதாக இருந்தது என்பது அக்னஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் இருக்கிறவளுக்கு அதட்டல், வந்து போகிறவருக்குச் சிரிப்பு. யார்மேல் பொறாமைப்படுகிறோம் என்று நினைத்தபோது வெட்கமாகவும் இருந்தது. இவர் எப்போது வருவார், எப்போது வருவார் என்று காத்துக் கிடந்தவள் அவள்தானே. ஆனாலும் சட்டியில் கிடந்த மீனைத் திருப்பிப் போடாமல், ஒரு பக்கம் கருகும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு ஆஷ்லின் தன் ரிமோட்டை அப்பாவிடம் நீட்டினாள். "இன்னிக்கு நீ அணில்." சாப்பிட்ட தட்டுகளை எடுக்கக் குனிந்திருந்த அக்னஸ் நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு ஆயிஷா கூப்பிட்டாள் என்று ஆஷ்லின் இறங்கி ஓடினாள்.

"வா அக்னஸ், நீ மின்மினியாம். நீதான் எக்ஸ்பர்ட்டுன்னு பாப்பா சொல்றா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அணில் கரைக்கு வந்தது. பலகையை அழகாகத் தூக்கினாள். அவன் குதித்தான். கட்டைவிரலை எடுத்துவிட்டாள்.

"அடச்சே! இன்னொரு தடவை."

மறுபடியும் தூக்கினாள், மறுபடியும் விட்டாள். அவன் விழ விழ, நெஞ்சுக்குள் ஏதோ இதமாக இறங்கியது. திறமை முழுவதையும் வைத்துக்கொண்டு ஒருவனை விழவைப்பது இவ்வளவு சுலபமா என்று இருந்தது. எத்தனை தடவை என்று தெரியாது. நிமிர்ந்தபோது ஆஷ்லின் கதவோரம் நின்றிருந்தாள்.

"அம்மா. நீ வேணும்னே விடுற."

"கை வழுக்குதுடி."

"உனக்கு வழுக்காது. எனக்குத் தெரியும்."

ஜேசுராஜ் சிரிக்கத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். ரிமோட்டைப் பாயில் வைத்தான். சன்னலுக்கு வெளியே, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வராமல் எதிர்வயல் வெடித்துக் கிடந்தது. அதையே பார்த்தபடி பேசினான்.

"நான் போன் பண்ணும்போதெல்லாம், கேம்ல இருக்கோம், அப்புறம் பேசுறோம்னுவீங்க. சில நாள் கட் பண்ண மறந்துருவீங்க. அங்க கட்டில்ல படுத்துக்கிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே இருப்பேன். நீ திட்டு வாங்குறதுகூடக் கேக்கும். இந்த எழவை எதுக்குடா வாங்கி அனுப்புனோம்னு இருக்கும்."

ஆஷ்லினுக்குக் கண் கலங்கியிருந்தது. சன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். கரண்ட் போய்விட்டால்கூடத் தேவலை என்று அக்னஸ் நினைத்தாள். போகவில்லை. அணில் மட்டும் திரையில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

கை நீட்டி, அவன் வைத்த அணில் ரிமோட்டை எடுத்தாள். தன்னுடையதை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீங்க தூக்குங்க. நான் போறேன்."

அவன் எடுத்துக்கொண்டான். பலகை எங்கோ தள்ளி மேலே எழும்பியது, பிறகு சட்டென்று இறங்கியது. அக்னஸ் அணிலைக் கரையின் நுனிவரை கொண்டுவந்துவிட்டாள். கீழே ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பட்டன்களின்மேல் விரலை ஓட்டினாள். எது குதிப்பதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பச்சை" என்றாள் ஆஷ்லின், திரும்பாமலே.

அக்னஸ் கட்டைவிரலைப் பச்சையின்மேல் வைத்தாள். தண்ணீருக்கு மேலே அந்தச் சின்ன வெளிச்சம் நடுங்கி நடுங்கி, பலகையைத் தூக்கிக்கொண்டு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.