நாலு தட்டு

வளைக்குள் நுழையுமுன் நரிகூட வாசலில் நின்று மோப்பம் பிடிக்கும். உள்ளே வேறொன்று இருந்தால் வந்த வழியே திரும்பிவிடும். பொழுதுபோக்காக வானலையில் ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோக்காரர்களுக்கும் அதுவே ஒழுங்கு. புள்ளியும் கோடுமாய்த் தட்டும் மோர்ஸில் அழைப்பு விடுமுன், ‘இந்த அலைவரிசையில் யாரேனும் இருக்கிறீர்களா?’ என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும்.

ராஜபாளையம் எபனேசர், ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவர், அந்த ஒழுங்கை ஒருநாளும் மீறியதில்லை. பக்கவாதத்துக்குப் பின் வலக்கை பாதிதான் மீண்டது. இடக்கைக்குத் தட்டும் வித்தை வரவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் கருவியின் முன் உட்கார்ந்து, மெல்ல மெல்லத் தட்டி அழைத்தார். யாராவது ஒருவர் தன் வேகத்துக்கு இறங்கிப் பதில் சொன்னால் போதும். தானும் இன்னும் ஆள்தான் என்று நம்பிக்கொள்வார்.

மூன்று ஞாயிறுகளாக, அழைப்பு பாதியில் இருக்கும்போதே ஒரு வலுத்த சிக்னல் வந்து அதை அமுக்கியது. தட்டும் லயத்தை வைத்தே அந்தக் கை யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? தங்கப்பாண்டியன், ஒரே கூடாரத்தில் படுத்த சேக்காளி.

பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். மடவார் வளாகத்தில் வீடு.

“ஏலே எபனேசரு! வா, வா. கை எப்படி இருக்கு?”

“கை கெடக்கட்டும். மூணு வாரமா என் தலைமேல ஏறி உக்காந்து கூப்பிடுதியே, என் சத்தம் கேக்கலையா உனக்கு?”

“அது நீயா?” தங்கப்பாண்டியன் விழுந்து விழுந்து சிரித்தார். “நத்தை ஊருதுன்னுல்லா நெனச்சேன்! எவனோ கத்துக்குட்டி, செத்த நேரத்துல ஓடிருவான்னு விட்டுட்டேன்.”

“அப்போ, கேட்டிருக்கு.”

“சரிடே, மூஞ்சியத் தூக்காத. இனிமே கேட்டுட்டே கூப்பிடுதேன். காப்பியக் குடி.”

நான்காம் ஞாயிறு. எபனேசர் அழைத்து முடித்துப் பதிலுக்குக் காத்திருந்தார். தங்கப்பாண்டியன் வந்தார், வாக்குத் தவறவில்லை. ‘யாரேனும் இருக்கிறீர்களா?’ தட்டு ஒவ்வொன்றும் மணிமணியாக விழுந்தது.

‘இருக்கிறேன்’ என்று சொல்ல ஒரே எழுத்து, நாலு தட்டுப் போதும். எபனேசரின் விரல் முதலாவதைத் தட்டியது. இரண்டாவதற்கு எழும்பியது, இறங்க மறுத்தது. அதற்குள் அங்கே இரண்டாம் முறையும் கேட்டு, மூச்சுவிட இடமின்றி அழைப்பும் தொடங்கிவிட்டது. எங்கோ தூரதேசத்து ஆள் பதில் கொடுக்க, பேச்சு குதிரை வேகத்தில் ஓடியது.

“ஏங்க, இன்னைக்காவது யாரும் கெடச்சாகளா?” அடுப்படியிலிருந்து மனைவி எப்சி கேட்டாள்.

“தங்கப்பாண்டியன் கேட்டான். ரொம்ப முறையாக் கேட்டான்.”

இடக்கையால் கருவியின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினார். அதற்கும் நேரம் பிடித்தது.