சொட்டு எண்ணும் பெட்டி

“மாமா, அதத் தொடாதிய!”

ஜுவைரியா அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்து சொன்னது இதுதான். வாப்பாவின் மையித்தைக் கிடத்தக் கட்டில் போட வேண்டும் என்று தாய்மாமன் தௌஃபீக் பட்டறை மேஜையை நகர்த்திக்கொண்டிருந்தார். மேஜை மேல் இரும்புத் தாங்கியில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய். அதன் மூக்குக்குக் கீழே, சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. மாமாவின் கை அந்தப் பக்கம் போனதும் அவள் பாய்ந்துபோய் இரண்டையும் தாங்கியோடு சேர்த்து அள்ளிக்கொண்டாள்.

“ஒடஞ்சா போயிரும்? இப்பமா இதப் பாக்குற நேரம்?” என்றார் மாமா. அவளுடைய முகத்தை ஒரு தடவை பார்த்தார். மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, “அங்கனயே வை தாயி,” என்றார்.

வாப்பா கரீம் பாட்சா ஃபஜ்ருத் தொழுகைக்கு ஒளூ செய்ய உட்கார்ந்தவர், முகம் கழுவிய ஈரம் காயுமுன் சாய்ந்துவிட்டார். முந்தின நாள் மாலை வரை அந்தப் பெட்டியோடுதான் இருந்தார். எல்லா வேலையும் முடிந்து ஒன்றே ஒன்றுதான் பாக்கி: சொட்டு எண்ண வேண்டும். “தொழுதுட்டு வந்து எண்ணுவோம். டீச்சர் பதினோரு மணிக்குப் பெட்டிய எடுக்க வந்துருவாவ,” என்று மகளிடம் சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

தாராவியில் அவரை டிவி ரிமோட் பாட்சா என்றால்தான் தெரியும். அந்தச் சந்தில் செத்துப்போன ரிமோட் எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. ரிமோட்டின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கிறதே, அதையும் அதைப் பிடிக்கிற டிவியின் கண்ணையும் ஒருநாள் எதிரெதிராக வைத்து நடுவில் தண்ணீரைச் சொட்டவிட்டார். சொட்டு வெளிச்சத்தை மறிக்கும்போதெல்லாம் பெட்டி ‘டிக்’ என்றது, பக்கத்திலிருந்த சின்னத் திரையில் எண் ஒன்று கூடியது. மனிதர் பிள்ளை பிறந்ததுபோலச் சந்து முழுக்க இனிப்புக் கொடுத்தார். கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்கு இப்படி ஒரு பெட்டி வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால் அவருடைய சந்தோஷம் கொஞ்சமும் குறையவில்லை.

பொறியியல் படித்த ஜுவைரியா பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு நிரல் எழுதினாள். மற்றதெல்லாம் அவர். ஒரு மில்லிக்கு இருபது சொட்டு என்று புத்தகங்களில் போட்டிருக்கும். கரீம் பாட்சா அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டவரில்லை. குழாயின் மூக்கு மாறினால் சொட்டின் பருமன் மாறிவிடும் என்பார். அளவுக் குவளையில் பத்து மில்லி நிறையும் வரை எத்தனை சொட்டு என்று ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக எண்ணி, அந்தக் கணக்கைச் சில்லில் ஏற்றிய பிறகுதான் கையைவிட்டு அனுப்புவார்.

எண்ணும்போது ஃபேன் ஓடக் கூடாது. காற்றில் சொட்டு ஓர் இம்மி ஒதுங்கினாலும் வெளிச்சத்தை மறிக்காமல் நழுவிவிடும். கீழே பட்டறை, இரும்பு ஏணி ஏறினால் வீடு. இரண்டுக்கும் சேர்த்து சுவிட்ச் பலகை கீழே ஒன்றுதான். அவர் அதை அணைத்தாரென்றால் மாடியில் சமையல் செய்துகொண்டிருக்கும் உம்மாவுக்கு ரத்தம் கொதிக்கும்.

“மனுச மக்க வெந்து சாவணுமா? ஒரு சொட்டுத் தண்ணிக்கு இம்புட்டு மரியாதையா?” என்று மேலிருந்து பேகம் கத்துவாள்.

“ஒரு நிமிசம் பொறு பேகம்,” என்பார் அவர்.

அவருடைய ஒரு நிமிஷம் அரை மணி நேரம் நீளும். ஒரு தடவை அவள் தடதடவென்று இறங்கிவந்து பாதி எண்ணிக்கையில் ஃபேனைப் போட்டுவிட்டாள். அவர் கோபப்படவில்லை. குவளையைக் கவிழ்த்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அவள் இறங்கிவருவதை விட்டுவிட்டாள், கத்துவதை விடவில்லை.

பதினோரு மணிக்குச் சொன்னபடியே பத்மஜா வந்தாள். மாட்டுங்காவில் வீடு, சயான் பக்கத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. சந்து முனையில் செருப்புக் கூட்டத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்து, கையிலிருந்த காலிப் பையை மடித்து மறைத்துக்கொண்டாள். ஜுவைரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பெட்டியை அவளே கேட்கட்டும் என்று ஜுவைரியா காத்திருந்தாள். அவள் கேட்கவில்லை.

மறுநாள் கல்லூரியில் செய்முறைப் பரீட்சை: குழாயிலிருந்து காரத்தைச் சொட்டவிட்டு, குடுவையிலுள்ள அமிலம் முறிய எவ்வளவு வேண்டும் என்று அளக்க வேண்டும். ஸ்மிதா என்ற மாணவிக்குப் பார்வை கிடையாது. மற்றவர்கள் குடுவையில் நிறம் மாறுவதைப் பார்த்துக் குழாயை மூடுவார்கள்; அவளுக்கு யாராவது பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். அவளுக்காகத்தான் கரீம் பாட்சா இந்தப் பெட்டியில் சத்தம் வைத்தார். சொட்டுக்கு ஒரு சத்தம், குடுவைக்குள் விட்ட உணர்கம்பி அமிலம் முறிந்ததைக் காட்டும்போது வேறொரு சத்தம். முதல் தடவை அவள் தானே செய்துமுடித்த அன்றைக்கு, “அங்கிள், இத்தன நாள் என் மார்க்கெல்லாம் பக்கத்துல நின்னவங்க கண்ணுக்குக் கிடைச்சது,” என்று சிரித்தாளாம். அன்று ராத்திரி வாப்பா அதைச் சொல்லிச் சொல்லிச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. ஜன்னல் வெயிலில் பெட்டி தப்பாக எண்ணுகிறது என்று போன வாரம் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அதில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்துத் தோல் பட்டறையில் கறுப்புத் துண்டுகள் வாங்கி உள்ளே ஒட்டி வெயிலை மறைத்தார். குழாய்க்கும் புது மூக்குப் போட்டார். புது மூக்கு என்றால் பழைய கணக்கு செல்லாது.

நண்பகல் லுஹருக்கு முன், உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். வாசலில் நின்று தௌஃபீக் மாமா வழக்கப்படி கூட்டத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “கரீம் பாட்சா மச்சான் யாருக்கும் வாக்குக் கொடுத்து நிறைவேத்தாம இருந்தாலோ, யாரோட பொருளாவது அமானிதமா அவுக கைல இருந்தாலோ இப்பச் சொல்லுங்க. அது எங்க பொறுப்பு.”

ஜுவைரியா பத்மஜாவைப் பார்த்தாள். பத்மஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆண்கள் கலிமா சொல்லிக்கொண்டே சந்து திரும்பினார்கள். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. ஜுவைரியா வாசற்படி வரை போய், சந்தூக்கின் பச்சைத் துணி மறைகிற வரை நின்றாள். திரும்பி வந்து மேஜையைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்தாள்.

“வேண்டாம்மா,” என்று பத்மஜா பதறிப்போனாள். “நான் இதுக்காக நிக்கலை. ஸ்மிதாவுக்கு ஓரல் பரீட்சை வச்சுடலாம்னு சொல்லியாச்சு. அவ புரிஞ்சுப்பா.”

“புரிஞ்சுக்கிடுவா டீச்சர். அவளுக்குப் புரிஞ்சுக்கிட்டுப் போய்த்தான் பழக்கம். வாக்கு எங்க பொறுப்புன்னு மாமா இப்பத்தான சொன்னாவ?”

பட்டறை முழுக்கப் பாய் விரித்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாசீன் ஓதி முடித்திருந்தார்கள். மூலையில் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு உம்மா. காலையிலிருந்து அவள் அழவுமில்லை, பேசவுமில்லை. தௌஃபீக் மாமாவின் மனைவிக்கு மட்டும் ஜுவைரியா மேஜைக்குப் போனது பொறுக்கவில்லை.

“ஏளா, மவுத்தான வூட்ல இன்னிக்கு என்னளா வேல? ஊரு என்ன சொல்லும்? வாப்பாவ இன்னும் மண்ணுல கூட வைக்கல.”

ஜுவைரியா குழாயில் தண்ணீர் ஊற்றினாள். மேல் திருகைத் திறந்து, சொட்டின் வேகம் வைக்கும் கீழ்த் திருகைக் கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்த்தி, உள்ளே மாட்டிய காற்றுக் குமிழை வெளியேற்றினாள். சொட்டு நிதானத்துக்கு வந்தது. அடியில் குவளையை வைத்து லேப்டாப்பை முடுக்கினாள்.

பத்து மில்லிக்கு இருநூற்று ஒன்பது. மறுபடி எண்ணினாள், நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கடுத்து இருநூற்றுப் பதின்மூன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. கன்னத்தை மேஜையோடு வைத்துப் பார்த்தாள். மூக்கிலிருந்து கிளம்பிய சொட்டு, தலைக்கு மேல் சுழலும் இரண்டு ஃபேன் காற்றிலும் அலைந்து பெட்டியின் ஓரத்தில் மோதியது.

காலண்டர் அட்டையைக் கிழித்து ஒரு பக்கம் மறைத்தாள். மறுபக்கத்திலிருந்து காற்று வந்தது. பத்மஜா தன் புடவைத் தலைப்பை விரித்துப் பிடித்தாள். தலைப்பு ஆடியதுதான் மிச்சம்.

வெளியே ஏப்ரல் வெயில் தகரத்தைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருபது பெண்களுக்கு மேல். மூச்சு வாங்கும் வயசாளிகள் நாலைந்து பேர். துக்கத்துக்கு வந்தவர்களிடம் ஃபேனை அணைக்கட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? வாப்பாவாக இருந்தால் கூசாமல் கேட்டிருப்பார். கேட்டுவிட்டு எல்லாரையும் சிரிக்கவும் வைத்திருப்பார். அந்தத் தைரியம் தனக்கு வரவில்லையே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. குவளையைக் கவிழ்த்தாள். லேப்டாப்பை மூடப் போனாள்.

மூலையில் துப்பட்டி அசைந்தது. பேகம் சுவரைப் பிடித்து எழுந்தாள். பெண்கள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். மயக்கம் வருகிறதோ என்று மாமி கைநீட்டினாள். அந்தக் கையை விலக்கிவிட்டு நேராகச் சுவிட்ச் பலகைக்குப் போனாள்.

டக். டக்.

ஃபேன் இரண்டும் வேகம் குறைந்து, இறக்கைகள் கண்ணுக்குத் தெரிந்து, நின்றன. புழுக்கம் அப்படியே தலைமேல் இறங்கியது. விசிறிக்கொண்டிருந்த பெண்கள் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் துப்பட்டா நுனியை மடியில் வைத்தார்கள்.

ஜுவைரியா மேல் திருகைத் திறந்தாள். இப்போது சொட்டு நூல் பிடித்ததுபோல நேராக விழுந்தது. டிக். டிக். அறை முழுக்க அந்தச் சத்தம் ஒன்றுதான். பத்து மில்லிக் கோட்டைத் தொட்டபோது இருநூற்று இருபத்தொன்று.

குவளையைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். அதே இருநூற்று இருபத்தொன்று. பத்மஜா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வயசாளி ஒருத்தி இருமினாள். ஜுவைரியாவின் நெற்றியிலிருந்து வியர்வை இமையில் இறங்கியது. எல்லாரையும் இதற்குமேல் வதைக்க வேண்டாம் என்று தோன்றியது.

“போதும் உம்மா. சரியா வந்துட்டு. ஃபேனப் போடுங்க.”

உம்மா அசையவில்லை. சுவிட்சை யாரும் தொட்டுவிடாதபடி அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடியிருந்தாள். வெள்ளைத் துப்பட்டி நனைந்து தோளோடு ஒட்டியிருந்தது.

“ஒங்க வாப்பா மூணு தடவல்ல எண்ணுவாவ,” என்றாள்.

ஜுவைரியா குவளையைக் கவிழ்த்துத் துடைத்தாள். குழாயை நிரப்பி, திருகைத் திறந்தாள்.

டிக் என்றது பெட்டி.