ஷீலா டீனுக்கு ஒரு ரசிகர்

என் கணவர் வைத்தியநாதனுக்கு 1998-ல் ஒரு காதல் வந்தது. லேக் கார்டன்ஸில் எங்கள் ஃபிளாட்டில், என் கண்ணெதிரிலேயே, அவளை ரெகார்ட் பிளேயரில் சுற்ற விட்டுக் கிறங்கிப்போவார். அவள் பெயர் ஷீலா டீன்.

ஃப்ரீ ஸ்கூல் தெருவில் பழைய ரெகார்டு விற்பவரிடம் கிடைத்த சின்னத் தட்டு அது. பக்கத்துக்கு ஒரு பாட்டு. மேலே போட உறைகூடக் கிடையாது. அமெரிக்கக் கறுப்பர்கள் பாடும் சோல் பாட்டு என்றால் எங்காத்துக்காரருக்கு உயிர். துறைமுக ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் போடுவார்.

"ஷியாமளா, இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றார் முதல் நாளே. "இப்படிப் பாடறதுக்கு அடிபட்ட மனசு வேணும்."

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஷீலா டீன் நான்தான்.

காலேஜில் படித்தபோது என் தோழியின் அண்ணன் பாலிகஞ்சில் ஒரு இங்கிலீஷ் பாட்டு பாண்டு வைத்திருந்தான். பாட ஆளில்லை என்று என்னை இழுத்துப்போனார்கள். போட்டது ஒரே ஒரு ரெகார்டு. அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார் என்று பெயரை மாற்றிப் போட்டார்கள். அப்படியும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வைத்தியநாதன் வீட்டார் பெண் பார்க்க வந்து "பொண்ணுக்குப் பாடத் தெரியுமோ?" என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் "தெரியாது" என்று அப்பா முந்திக்கொண்டார். ஊரில் எல்லா அப்பாக்களும் பாடத் தெரியாத பெண்ணுக்குக்கூடத் தெரியும் என்பார்கள். என் அப்பாவுக்கோ, பாடச் சொன்னால் உள்ளேயிருந்து எது கிளம்பி வருமோ என்று கிலி. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சங்கீதம் என் கணவர் இலாகா, சமையல் என் இலாகா.

சொல்லியிருக்கலாம், ஒரு நிமிஷ வேலை. ஆனால் எனக்கு வீம்பு. இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணுகிற மனுஷன், என் குரலை அவராகக் கண்டுபிடிக்கட்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக அடுப்படியில் நின்று அதே பாட்டை முணுமுணுத்தும் பார்த்தேன். "பாட்டு ஓடறது, நீ வேற முனகாதே" என்றார்.

சனிக்கிழமைகளில் பக்கத்து ஃபிளாட் பருண் சென் டீ குடிக்க வருவார். வங்காளி வாயில் 'வ' நுழையாது. அதனால் வைத்தியநாதன் அவருக்கு 'பைத்யபாபு'. தமிழ்க் காதில் அது எப்படி விழுகிறது என்பதை நான் பருணிடம் சொன்னதே இல்லை. அந்தச் சமயத்தில் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

பாட்டின் நடுவே ஷீலா டீன் ஒரு இடத்தில் வீறிடுவாள். அதை வைத்துத்தான் இரண்டு பேருக்கும் சண்டை.

"'ஐ ஓ' என்கிறாள். காதலுக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்று அர்த்தம்" என்பார் பருண்.

"அதெல்லாம் வார்த்தையே இல்லை, பருண். பல தலைமுறை வலி அது. பிறவியிலேயே வரணும். நம்மாத்து லேடீஸுக்கெல்லாம் வராது."

வலிதான். மைக் பிடித்த கையில் ஷாக் அடித்தது. நான் அலறியது சுத்தமான தமிழ் 'ஐயோ'. மறுபடி பதிய நேரமில்லை என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை, ரெகார்டு ஓடிக்கொண்டிருக்க, டீயைத் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். இவருடைய செருப்பு நடு ஹாலில் கிடந்தது. தடுக்கிவிட்டது. கொதிக்கிற டீ என் காலில்.

"ஐயோ!"

"ஷ்! அந்த இடம் வரது, கத்தாதே!" என்றார் என் கணவர்.

வந்தது. "ஐயோ!" என்றது ரெகார்டு. அதே இழுப்பு, அதே உடைசல்.

பருண் துள்ளி எழுந்தார். "பௌதி! ஆபார் போலுன்!" அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்கிறார். என் கால் வெந்ததைப் பற்றி அங்கே யாருக்கும் கவலையில்லை.

மைக், ஷாக், அப்பா எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். பருண் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுப் போனார். இவர் எழுந்து ரெகார்டை நிறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்டுபிடித்தது பக்கத்து வீட்டுக்காரர். கட்டினவர் என்னைக் கத்தாதே என்றார்.

கொஞ்ச நேரத்தில் ஹாலில் டெலிபோன் சத்தம் கேட்டது. நங்கநல்லூரில் இருக்கும் அவருடைய அண்ணாவுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம் அண்ணா, நம்ம ஷியாமளாதான்! யாரும் சொல்லலை, நானேதான் கண்டுபிடிச்சேன். முதல் நாளே எனக்கு ஒரு சந்தேகம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலில் பூசிய பர்னாலோடு விந்தி விந்திப் போய் எதிரே நின்றேன். அவர் ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

"அண்ணா நம்ப மாட்டேங்கறார். ஒரு வரி பாடேன்."

"அண்ணாவுக்காகப் பாட மாட்டேன். உங்களுக்கு வேணும்னா கேளுங்கோ."

முழித்தார். நான் நகரவில்லை.

"எனக்கு வேணும்" என்றார், சின்னக் குரலில்.

பாடினேன். குரல் கரகரத்தது, மேலே ஏற அடம் பிடித்தது, இரண்டு இடத்தில் வார்த்தை மறந்து லாலா போட்டேன். அவர் ஒரு திருத்தம்கூடச் சொல்லாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டிய கை தானாக இறங்கி, ரிசீவர் அவர் இடுப்புப் பக்கம் தொங்கியது. அதற்குள்ளிருந்து அண்ணா, "ஹலோ, வைத்தி, ஒண்ணும் கேக்கலைடா" என்று கத்திக்கொண்டே இருந்தார்.