முள்பூ வைத்த நாற்காலி

இப்போது நினைவு இல்லமாக இருக்கும் ஹேசல்கோட் மாளிகையில், மறைந்த எழுத்தாளர் தார்ன்பியின் அறைக்கு நான்தான் காவல். அவருடைய நாற்காலியில் பார்க்க வருபவர்கள் யாரும் உட்கார்ந்துவிடாதபடி காய்ந்த முள்பூ ஒன்றை வைத்திருப்போம். அன்று ஜூன் மாத மதியம். ஜன்னல் வழியே ரோஜா வாசமும் தேனீக்களின் ரீங்காரமும் வந்துகொண்டிருந்தன. என்னைவிட மூத்த பெண்மணி ஒருவர் கைத்தடியை ஊன்றி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு தடவை உக்காந்துக்கிறேனே."

"கூடாதும்மா. தார்ன்பி உக்காந்து எழுதின நாற்காலி."

"அவர் எங்க உக்காந்தார்! தோட்டத்தைப் பாத்துக்கிட்டே நடந்துக்கிட்டிருப்பார். அவர் சொல்லச் சொல்ல, இதுல உக்காந்து டைப் அடிச்சவ நான். ஆறு நாவல்! சந்தேகம்னா இடது கைப்பிடிக்கு அடியில தடவிப் பாருங்க. ஏவ்ரில்னு என் பேரைக் கீறி வெச்சிருக்கேன்."

தடவினேன். எழுத்துகள் விரலில் தட்டுப்பட்டன.

"பதினோரு வருஷமா காவல் காக்குறேன், இது தெரியலையே!"

"முள்ளை வெச்சா யாரு தடவிப் பாப்பா?"

நான் முள்பூவைக் கையில் எடுத்துக்கொண்டேன். ஏவ்ரில் மெல்ல உட்கார்ந்தார். அவர் விரல்கள் எதிரே இருந்த வெறும் மேசைமேல் டைப் அடிப்பதுபோல் ஓடத் தொடங்கின. சற்று நேரத்தில் நின்றன.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உஷ்! ஜன்னல்கிட்ட போயிட்டார். அடுத்த வரியை யோசிக்கிறார்."

நானும் சத்தம் போடாமல் காத்திருந்தேன்.