ஷிப்ட் ஆயிடுச்சு

நாலு புது வகுப்பறை, ஒரு ஆய்வகம், பெண்பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை. இத்தனையும் சாங்ஷன் ஆன பிறகும் பழனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய கோரமண்டல் லைன் வீடுகளுக்கு நடுவே இருக்கும் அரசுப் பள்ளியின் பெற்றோர் கமிட்டித் தலைவி அவள். ஒழுகுகிற பின்கட்டை இடித்துவிட்டுத்தான் புதுசு கட்டுவார்கள். மிஞ்சுவது முன்பக்கத்து மூன்று அறை. ஏழு வகுப்பை அதில் எங்கே போட்டு அடைப்பது? கட்டி முடிகிற வரைக்கும் பிள்ளைகளை பஸ்ஸேறிப் போகிற தூரத்துப் பேத்தமங்களாப் பள்ளிக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

புருஷன் வேலு விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரு போகிறவன். பழனியம்மாவோ தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க முடியாதவள். ஆறாவது படிக்கும் மகள் வெண்ணிலாவைத் தினமும் யார் பஸ் ஏற்றி இறக்குவது? பக்கத்து வீட்டுப் பெண்ணும் கொஞ்ச நாளைக்கு என்றுதான் பள்ளியிலிருந்து நின்றாள். இப்போது துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருக்கிறாள். தன் பெண்ணுக்கும் அந்தக் கதிதானோ?

வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து மமதா மேடம் போன் செய்தார்.

"பழனியம்மா, வேலை முடியற வரைக்கும் ஸ்கூல ஷிப்ட் பண்ணணும். கமிட்டிக்கு ஓகேவா?"

"அவ்ளோதானா மேடம்? ஷிப்ட்டு எங்களுக்கு இன்னா புதுசா? எங்கப்பா மூணு ஷிப்ட்டும் பாத்தவரு. திங்கக்கெழமையே பண்ணிடறோம்."

"அஷ்டு பேகவா?" மேடம் அசந்துபோனார். இவ்வளவு சீக்கிரமா என்று கன்னடத்தில் கேட்டது அது. "சரி, நானும் வரேன்."

சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆனாலும் இந்த ஊர்க் காதுக்கு ஷிப்ட் என்றால் ஒரே அர்த்தம்தான்: ஒரு கூட்டம் வேலை முடித்து வரும், அடுத்த கூட்டம் உள்ளே போகும். தலைமையாசிரியர் ஸ்டீவன் சாரும் லைன் வீட்டில் பிறந்தவர்தான், அவருக்கும் துளி சந்தேகம் வரவில்லை. ஒன்றாவது முதல் நாலாவது வரை காலை ஷிப்ட், அதில் ஒன்றும் இரண்டும் ஒரே அறையில்; பெரிய வகுப்பெல்லாம் மத்தியானம். காலைப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும், மத்தியானப் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டு உட்காரும். ஒரே சாம்பார், ரெண்டு ஷிப்ட்டுக்கும் ஆச்சு.

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு மேடம் வந்து இறங்கினார். பின்னாலேயே ஒரு காலி டெம்போ.

"இது எதுக்கு மேடம்?" என்றாள் பழனியம்மா.

"பெஞ்சு ஏத்த. ஸ்கூல பேத்தமங்களாக்கு ஷிப்ட் பண்ணத்தானே போன்ல கேட்டேன்."

பழனியம்மாவுக்குக் காலடியில் மண் சரிந்தது. வாயைக் கொடுத்து, தானே சரியென்று தலையாட்டித் தொலைத்தாளே பாவி. மேடத்தின் கையைப் பிடித்து முன்பக்கத்து அறைகளுக்கு இழுத்துப் போனாள்.

"நீங்க சொன்னது ஷிப்ட்டு, நாங்க பண்ணதும் ஷிப்ட்டு. வந்து பாத்துட்டு அப்புறம் ஏத்துங்க."

சின்னப் பிள்ளைகள் தட்டுக் கழுவிவிட்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தும் ஆறும் ஏழும் ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்தாயிற்று. பின்கட்டில் ஒரு குஞ்சு இல்லை, நாளைக்கே இடிக்கலாம். மேடம் மூன்று அறையையும் இரண்டு தடவை எண்ணினார்.

"இப்படிப் பண்ணலாம்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தோணல," என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. மேலதிகாரி. "ஷிப்ட் ஆய்த்தா?" என்று அவர் கேட்டது பழனியம்மாவுக்கே கேட்டது. மேடம் ஆறாம் வகுப்பை எட்டிப் பார்த்தார். இரண்டாம் பெஞ்சில் வெண்ணிலா பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஆய்த்து சார். ஒரு பிள்ளைகூட குறையல."

டெம்போ டிரைவர் வாசு தலையை நீட்டினார். "மேடம், அப்போ பெஞ்ச எங்க எறக்கணும்?"

"பின்னாலேர்ந்து எடுத்து முன்னால போடுங்க," என்றாள் பழனியம்மா. சொல்லிக்கொண்டே பின்கட்டுக்கு நடந்தாள்.